பல் முரசில் வந்த இரத்தத்தை ஏழு ஆண்டுகள் பொருட்படுத்தாமல் இருந்தேன்

திருகோணமலை நகரில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் உறுதி எழுதும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். காணி உறுதியில் ஓர் எல்லை பிழைத்துப் போனால் அது பின்னாளில் எத்தனை பேரை நீதிமன்றப் படியேற வைக்கும் என்று அறிந்திருப்பதால், எந்தத் தாளையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பழகியவள் நான். அப்படிப் பழகிய கண்களால், காலையில் பல் தீட்டித் துப்பும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடுவதை ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நோவு இருக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். பல்லுக்கொதி வந்தால் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும், கிராம்புத் தைலம் தேட வேண்டும், விடியுமுன் எழுந்து ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முரசில், அதாவது பல் ஈற்றில், கசியும் இரத்தம் அப்படி எவரையும் அவசரப்படுத்துவதில்லை. உடம்பில் சூடு கூடிவிட்டது என்று ஒரு மாதமும், புதுப் பிரஷ் குத்திவிட்டது என்று இன்னொரு மாதமும் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இடது பக்கக் கீழ்த்தாடையில்தான் இரத்தம் அதிகம் வந்தது. புண்பட்ட இடத்தை மேலும் தேய்க்கக் கூடாது என்று எண்ணி, அந்தப் பக்கத்தில் பிரஷை வைப்பதும் வைக்காததுமாகத் தீட்டத் தொடங்கினேன். இதைவிடப் பெரிய தவறு ஒன்றை என் வாய்க்கு நான் செய்திருக்க முடியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், எங்களுடன் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி தம்பலகாமத்திலிருந்து ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள். கொஞ்சம் காய்ப்பதமான பழம். ஒரு கடி கடித்துவிட்டு, தொலைபேசி அடித்ததால் பழத்தை ஒரு பழைய தாளின் மேல் வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, பழத்தில இரத்தம் நிக்குது" என்றாள். வெள்ளைச் சதையில் என் நான்கு முன்பற்களின் அச்சு தெளிவாகப் பதிந்திருந்தது. அச்சின் விளிம்பு நெடுகிலும், சிவப்புப் பேனாவால் மெல்லிய கோடு இழுத்தாற்போல் இரத்தம் ஊறியிருந்தது. இடது பக்கத்தில் மட்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது முன்பற்களுக்கும் வந்துவிட்டது என்பதை அந்தக் கோடு எனக்குச் சொன்னது.

அதற்கு முன்பே மூன்று தடவை இடது கீழ் முரசு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மூன்று தடவையும் ஒரு பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினேன். இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் வற்றும், நானும் மறந்துவிடுவேன். வீக்கத்தின் வேர் பல்லோடு ஒட்டி உள்ளே இருந்தபடியே இருக்க, மாத்திரை மேலே எழும் கொதிப்பை மட்டும் அடக்கியது. வாசிப்பவர்களில் யாராவது இதே வழியில் போய்க்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். முரசு ஒரே இடத்தில் இரண்டாம் முறை வீங்கினால் அந்த இடத்தை வைத்தியரிடம் காட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று பொருள்; தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடுகிறது.

கொய்யாப்பழம் தின்ற அந்த வாரத்திலேயே பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; காத்திருப்புத்தான் உண்டு. என்னைப் பார்த்த பல் வைத்தியர் என் மகளின் வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி, மெல்லிய கம்பி போன்ற கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் நுனி மொட்டையாக இருந்தது. மில்லிமீற்றர் கணக்கில் கறுப்பு வரிகள் போட்டிருந்தது. பல்லுக்கும் முரசுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் இருக்கும், அது எவ்வளவு ஆழம் என்று அளக்கப் போகிறேன் என்றார். பிறகு ஒவ்வொரு பல்லாகக் கருவியை இறக்கி எண்களை உரக்கச் சொல்ல, பக்கத்தில் நின்ற தாதி எழுதிக்கொண்டே வந்தார். "மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று." வலது பக்கம் முழுவதும் இப்படியே போயிற்று. இடது கீழ்த்தாடைக்கு வந்ததும் குரல் சற்றுத் தாழ்ந்தது. "ஐந்து, நான்கு, ஆறு. ஆறு, ஐந்து, ஏழு." தாதி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். மூன்று மில்லிமீற்றர் வரை நலமான முரசு. நான்கும் அதற்கு மேலும் போனால் முரசு பல்லை விட்டுப் பிரிந்து பை போலாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பையின் அடி வரை எந்தப் பிரஷும் போகாது.

"இரத்தம் வாற பக்கத்தை விட்டிட்டுத்தானே தீட்டுறீங்கள், அம்மா?" என்று அவர் கேட்டார். நான் அதைச் சொல்லியிருக்கவேயில்லை. எண்களின் வரிசையைப் பார்த்தே கண்டுகொண்டிருந்தார்.

அவர் விளக்கியதையும் பின்னர் நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பல்லின் மேல் நாள்தோறும் நிறமற்ற, பிசுபிசுப்பான ஒரு படலம் படிகிறது. நாக்கால் தடவினால் பல் வழுவழுப்பாக இல்லாமல் மெல்லிய துணி போர்த்தியதுபோல் தோன்றுகிறதே, அது இந்தப் படலம்தான். அது முழுக்க முழுக்க உயிருள்ள கிருமிகளின் குடியிருப்பு. முரசோரத்தில் அதை அகற்றாமல் விட்டால் அந்த இடத்தைக் காக்க உடம்பு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, முரசு சிவந்து வீங்குகிறது, சிறிது பட்டாலும் கசிகிறது. அகற்றப்படாத படலம் எச்சிலில் உள்ள தாதுக்களை உறிஞ்சிச் சில நாட்களில் காறையாக இறுகிவிடுகிறது. நாக்கின் கீழே எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் காறை முதலில் சேர்கிறது. பலருக்கு அந்த இடம் சொரசொரப்பாக இருப்பதை இப்போதே நாக்கை வைத்துப் பார்த்து அறியலாம். காறையைப் பிரஷாலும் பற்பசையாலும் எடுக்க முடியாது. வைத்தியரின் கருவிதான் எடுக்கும்.

ஆகவே இரத்தம் வரும் இடம், படலம் தங்கியிருக்கும் இடம். அதைத் தொடாமல் விட்டால் படலம் கூடும், இரத்தமும் கூடும். டென்மார்க்கின் ஆஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 1965இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதை மிக எளிமையாக நிறுவியது. முரசு நலமாக இருந்த 12 பேர் பல் தீட்டுவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. மறுபடி தீட்டத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முரசு பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த ஆரம்ப நிலையில் நோய் முற்றாக மாறிவிடும் என்பதை வாசித்தபோது, என் ஏழு ஆண்டுகளின் முதல் மாதத்தை நினைத்து வருந்தினேன். பைகள் உண்டாகி, பல்லைத் தாங்கும் தாடையெலும்பு கரைந்த பிறகு, நோயை நிறுத்தலாம். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது.

நலமான முரசை எப்படி அடையாளம் காண்பது என்பதில் எனக்கிருந்த குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பற்பசைப் பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் முரசை ரோசா நிறத்தில் வரைகிறார்கள். என் முரசோ இளமையிலிருந்தே கரும்பழுப்பு. எனவே எது நோய், எது இயல்பு என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தோலைக் கறுப்பாக்கும் அதே நிறமிதான் முரசையும் கறுப்பாக்குகிறது, அதில் நோய் எதுவும் இல்லை என்று வைத்தியர் தெளிவுபடுத்தினார். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொன்னார். நலமான முரசின் விளிம்பு கத்தி முனைபோல் மெல்லியதாய்ப் பல்லைப் பற்றியிருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவே கூரான சிறு கோபுரமாய் எழுந்து நிற்கும். தோடம்பழத் தோலில் இருப்பதுபோன்ற சிறு சிறு புள்ளிக் குழிகள் பலருக்கு அதன் மேற்பரப்பில் தெரியும். நோயுற்றால் அந்தக் குழிகள் மறைந்து பளபளப்பு ஏறும், கோபுரம் உருண்டு மழுங்கும், தொட்டால் இரத்தம் வரும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, கைக்கண்ணாடியில் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே வாய்க்குள் நலமும் நோயும் அருகருகே இருந்ததால் அன்று கற்றதை இன்றுவரை மறக்கவில்லை. புகைப்பவர்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகை முரசின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டுவதால், அவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் உள்ளே நோய் வளரும்.

என் அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதுக்குள் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. சூத்தை விழுந்து போகவில்லை. வெள்ளையாக, முழுதாக இருந்த பற்கள் ஆடி ஆடி ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. முதலில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிறவியில் இருந்த இடைவெளி வேறு. நாற்பது வயதில் புதிதாகத் திறக்கும் இடைவெளி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதன் அடையாளம். "எங்கட பரம்பரைக்கே பல் நிக்காது, பிள்ளை" என்று அம்மா சொல்வார். நானும் அதை நம்பினேன். நம்பியதால்தான் இரத்தம் வந்தபோதும் இது வரவேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. அதே ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் தீட்டும் பழக்கமோ பல் சிகிச்சையோ கிட்டத்தட்ட இருக்கவில்லை. சூத்தையும் அரிதாகவே இருந்தது. எல்லோர் வாயிலும் படலமும் காறையும் நிறைந்திருந்தும், ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது, 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் கரைந்தது, 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சிக்கு மேல் நோய் போகவில்லை. எங்கள் மலையக உறவுகளின் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. ஒரே அழுக்கைச் சிலரின் உடம்பு தாங்கும், சிலரின் உடம்பு தாங்காது. அம்மாவும் நானும் தாங்காத கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அப்படியென்றால் நான் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவள். கைவிட்டுவிட வேண்டியவள் அல்லள்.

சிகிச்சை நான்கு நாட்களாகப் பிரித்துச் செய்யப்பட்டது. விறைப்பு ஊசி போட்டு, முரசுக்குக் கீழே வேரோடு ஒட்டியிருந்த காறையைச் சுரண்டி எடுத்தார்கள். கரும்பழுப்பாக, கருங்கல் துணுக்குகள் போல அது வந்தது. பல்லைச் சுரண்டினால் பல் ஆடத் தொடங்கும் என்று எங்கள் ஊரில் பலர் சொல்வார்கள். நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன். துப்புரவாக்கிய பிறகு சில நாட்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது, பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத ஓட்டைகள் தெரிந்தன. வீங்கியிருந்த முரசு வற்றியதால், காறை அடைத்து வைத்திருந்த இடம் வெளியே தெரிந்தது என்பதே அதன் விளக்கம். பல்லைத் தாங்கியது காறை என்று நினைத்தால், காறையை எடுத்ததும் பல் ஆடுவதாகத்தான் தோன்றும். கூச்சம் பத்து நாளில் போய்விட்டது.

இரண்டாம் நாள் சிகிச்சைக்குப் போனபோது வைத்தியர் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 148 மில்லிகிராம் இருந்தது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே நீரிழிவு. முரசு நோயும் சீனி வருத்தமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சீனி கூடினால் முரசு ஆறாது, முரசில் அழற்சி நீடித்தால் சீனி அடங்காது. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்று குடித்துக்கொண்டு மேசையில் இருந்தவள் நான். இப்போது இரண்டு கோப்பை, சீனி இல்லாமல். என் நீரிழிவை முதலில் கண்டுபிடித்தது என் முரசுதான் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன், சீனி வருத்தம் உள்ள உறவினர்களை முரசையும் காட்டச் சொல்கிறேன்.

பல் தீட்டுவதை நாற்பத்தொன்பது வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டேன். மென்மையான நார் உள்ள பிரஷை, பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில், நார்களில் பாதி முரசை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். அங்கேயே சிறிதாக அதிர்வதுபோல் அசைக்க வேண்டும். இரண்டு பற்களுக்கு ஒரு தடவை என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பிரஷை முழுக் கையால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். எழுத்து வேலை செய்யும் எனக்கு இது உடனே பிடிபட்டது. இப்படிச் செய்தால் இரண்டு நிமிடம் தேவைப்படும். தொடங்கிய முதல் நாட்களில் இரத்தம் முன்னைவிட அதிகம் வந்தது, பயந்துவிடாமல் தொடரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் துப்பிய தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. இரண்டு வாரம் ஒழுங்காகத் தீட்டியும் இரத்தம் நிற்காவிட்டால் உள்ளே காறை இருக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டும் என்று கொள்ளலாம்.

இரண்டு வேளைகளில் இரவு வேளைதான் முக்கியம். உறங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் வாயைக் கழுவிவிட ஆளில்லை. பற்பசையில் புளோரைடு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று குழாயின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பார்கள். தீட்டி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருப்பது நல்லது. கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைடும் போய்விடும். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது, பழக இரண்டு மாதம் பிடித்தது. எலுமிச்சைச் சாறோ சோடாவோ குடித்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் தீட்டுகிறேன்.

பிரஷ் எட்டாத பல்லிடுக்குகளுக்கு, குழந்தையின் சூப்பிப் போத்தல் கழுவும் பிரஷை ஊசியளவுக்குச் சிறிதாக்கியதுபோல் ஒரு சிறு பிரஷ் உண்டு. அளவு அளவாக வரும். இடுக்குக்குப் பொருந்தும் அளவை வைத்தியரே தேர்ந்து தந்தார். முதல் நாள் அதை இடது கடைவாய்ப் பல்லிடுக்கில் விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்த நாற்றம் பல ஆண்டுகளாக என் பேச்சில் கலந்திருக்கும் என்பதையும், அலுவலகத்தில் எவரும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்பதையும் அன்றே உணர்ந்தேன். ஒரு மாதத்தில் அந்த நாற்றம் முழுவதுமாக நின்றது.

அளவுக்கு மீறித் தேய்ப்பதும் கேடுதான். உப்புவெளியில் இருக்கும் என் அண்ணன் உமிக்கரியும் உப்பும் சேர்த்து விரலால் தேய்த்தவர், பிறகு கடினமான பிரஷுக்கு மாறியவர். அவருடைய பற்கள் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். முரசோரத்தில், கோடரியால் கொத்தியதுபோல் ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது; அங்கே பல்லின் கடினமான மேற்படையான மிளிரி தேய்ந்து மஞ்சள் உள்பகுதி தெரிகிறது, காற்றுப் பட்டாலும் கூசுகிறது. வெள்ளை நிறத்தை நலத்தின் அளவுகோலாகக் கொண்டதால் வந்த விளைவு இது. இயற்கையான பல் சற்று மஞ்சள் கலந்த வெள்ளைதான். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் தெரிவதுண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால், பல் தாடைக்குள் உருவாகும்போதே விழும் தடம் அது. அழுக்கு என்று எண்ணித் தேய்த்துப் பயனில்லை, அந்தப் பிள்ளைகளைத் திட்டவும் கூடாது.

பிள்ளைகளைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்து முளைத்ததுதான் நிரந்தரப் பல் என்று நினைக்கும் பெற்றோர் அதைப் பாற்பல் என்று எண்ணி, சூத்தை பிடித்தாலும் விழுந்துவிடும்தானே என்று விட்டுவிடுகிறார்கள். என் மகனுக்கு நான் அப்படித்தான் விட்டேன், பதினொரு வயதில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. இப்போது என் மகளின் குழந்தைக்கு ஆறு வயது. போன மாதம் அவளை மடியில் சாய்த்து, வாயைத் திறந்து, முரசைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாய் எட்டிப்பார்த்த அந்தப் பல்லை மகளுக்கு விரலால் தொட்டுக் காட்டினேன்.

அம்மா பல் போன பிறகும் வெற்றிலையை விடவில்லை. பாக்கை உரலில் இடித்துப் போட்டார். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, புகையிலை சேராவிட்டாலும் அந்த ஆபத்து உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. எங்கள் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படுகிறது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டதும் எரிவு, சொந்த விரல்கள் மூன்றை நிமிர்த்தி நுழைக்க முடியாதபடி வாய் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். பல்லைப் பார்க்கும் அதே வைத்தியர்தான் இதையும் பார்ப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். கடந்த தடவை அதே தாதிதான் எழுதினார். ஐந்தாக இருந்தவை மூன்றாயின, ஆறுகள் நான்காயின. ஏழு மில்லிமீற்றர் இருந்த கடைசிப் பல்லின் பின்புறம் மட்டும் இன்னும் ஐந்தில் நிற்கிறது, கருவி பட்டதும் ஒரு துளி இரத்தம் வந்தது. இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் முரசைத் திறந்து துப்புரவாக்கலாம் என்றார் வைத்தியர். இரவில் பிரஷை எடுத்ததும் முதலில் அந்தப் பல்லின் பின்புறத்துக்குத்தான் கொண்டுபோகிறேன்.